நூற்றைம்பது சதவீதம்

மஞ்சக்குப்பத்தில், தாலுகா ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் பத்திர எழுத்தருக்கும் நடுவில்
ஏழடி அகலம் என் சேவை மையம்.
மடிக்கணினி போதாமல் பாண்டிச்சேரி போய்
இருபத்தேழு அங்குல மானிட்டர் வாங்கி
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.

முதல்நாள் எழுத்தெல்லாம் எறும்பு.
நாற்பத்து மூன்று வயசாகிவிட்டது என்று
ஒரு திரை சொல்லி நான் கேட்பதா?
அமைப்புகளுக்குள் நுழைந்து
கையில் முதலில் அகப்பட்டதைக் குறைத்தேன்:
ரெசல்யூஷன்.
எழுத்து வளர்ந்தது. போதும் என்று மூடினேன்.

வளர்ந்த எழுத்தின் ஓரமெல்லாம்
மழையில் நனைந்த ரசீது மாதிரி ஒரு கசிவு.
மெய்யெழுத்தின் தலையில் உட்காரவேண்டிய புள்ளி
மேலே புகையாய் நின்றது.
இந்த மானிட்டரே இப்படித்தான் என்று நினைத்தேன்.
எட்டு மாதம் நினைத்தேன்.

சித்திரை. தடைக்காலம்.
தேவனாம்பட்டினத்துச் சரளா
நிவாரண மனுவோடு மூன்றாம் முறை வந்தாள்.
"திரும்பவும் தள்ளிட்டாங்க."
ஆதாரை ஒரு பக்கம், மனுவை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தேன்.
ஒரே பெயர். சத்தியமாக ஒரே பெயர்.
"சர்வர் கோளாறு" என்றேன்.
எத்தனை பேரை இந்த ஒரு சொல்லில் ஏற்றி
வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அவள் படி இறங்குமுன் கரண்ட் போனது.
வந்தபோது, என்ன காரணமோ,
மானிட்டர் தன் சொந்த அளவுக்கே திரும்பியிருந்தது.
மறுபடி எறும்பு.
ஆனால் கால்களை எண்ணக்கூடிய எறும்பு.

மனுவில் இருந்தது: சாளா.

ரகரத்தின் அடியில் சாய்வாக ஒரு கீற்று உண்டே,
அது இல்லை. வெறும் துணைக்கால்.
தட்டியது நான். 'சரி' கொடுத்ததும் நான்.
திருப்பிக் காட்டினேன்.
"இன்னும் ஓர் எழுத்து மாத்தினா சாளை" என்று சிரித்தாள்.
"தடைக்காலத்துல மீன் பேர்ல போய் நின்னா
எவன் காசு குடுப்பான்?"
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெளிவை விற்று அளவு வாங்கியிருக்கிறேன்.
இந்த முறை திரையை அதன் முழுப் புள்ளிகளோடு விட்டுவிட்டு
பக்கத்திலேயே இருந்த இன்னொரு வரியைத் தொட்டேன்:
ஸ்கேல். நூற்றைம்பது.
வெளியே போய் உள்ளே வா என்றது கணினி.
போனேன், வந்தேன்.

ணகரத்துக்கு மூன்று சுழி, எண்ண முடிந்தது.
புள்ளிகள் இறங்கி அவரவர் தலையில் அமர்ந்தன.
மடிக்கணினியிலிருந்து மனுவை இழுத்தால்
எல்லையில் பாதிப் பெயர் பெரிது, பாதி சிறிது,
ஒரு நொடி தயங்கி ஒத்துப்போகிறது.
துறையின் பழைய மென்பொருள் மட்டும்
இன்னும் கசங்கித்தான் தெரிகிறது.
அதற்கு யார் போய்ச் சொல்வது.

"என் பேரை இன்னும் கொஞ்சம் பெருசா வையேன்."
வைத்தேன். நூற்றெழுபத்தைந்து.
"இன்னும்."
இருநூறு.
சரளா திரை நிறைய நின்றாள்,
கீற்றும் சுழியும் துணைக்காலும் துலங்க.
'சமர்ப்பி' பொத்தான் மட்டும்
கீழே எங்கோ திரைக்கு வெளியே போய்விட்டது.

இரண்டும் ஒன்றாகத் தெரிகிற இடத்துக்கு
இறங்கி வரவேண்டியிருந்தது.
அழுத்தினேன்.
பச்சை நிறத்தில் ஓர் எண் வந்தது.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள்.

இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எட்டு மாதத்து மனுக்களைத் திறக்கிறேன்.
நூற்றுப்பதினேழு.
முதல் பெயரைக் கத்திமுனையாய்க் காட்டுகிறது திரை:
பாமா.
பரமாவா என்று
ஃபோன் போட்டுத்தான் கேட்கவேண்டும்.